கிடேரிக் கன்றுக்கு உயிருள்ள கிருமி ஊசி: எப்படிப் பலவீனமாக்குகிறார்கள், எதை வைத்து நம்புகிறார்கள்?

கன்று வீச்சு நோய் தடுப்பூசி முகாம் என்று ஊரில் அறிவிப்பு வரும்போதெல்லாம் மாடு வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும் ஏன்? காளைக் கன்றுக்கு ஏன் கிடையாது? சினை மாட்டுக்குப் போடவே கூடாது என்கிறார்களே, அப்படியென்றால் அது ஆபத்தான ஊசியா? கோமாரி ஊசிக்கு இல்லாத கெடுபிடியாக, இதற்கு மட்டும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் எதற்கு?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தக் குப்பியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. ஒரு கன்றுக்குப் போகும் அளவில் ஏறக்குறைய 4,000 கோடி உயிருள்ள கிருமிகள் இருக்கின்றன. நோயை உண்டாக்கும் அதே இனம்தான், ஆனால் பலவீனமாக்கப்பட்டது.

"பலவீனமாக்கப்பட்டது" என்ற சொல்லை எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த அளவுக்குப் பலவீனம், எதை இழந்ததால் பலவீனம், யாருக்கு முன்னால் பலவீனம் என்ற மூன்றும் தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. இந்த மூன்றுக்கும் விடை தேடும் இடம்தான் விலங்குச் சோதனை.

முதலில் நோய்

கன்று வீச்சு நோயின் அறிவியல் பெயர் புரூசெல்லோசிஸ். மாட்டில் இதற்குக் காரணம் புரூசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியா. டென்மார்க்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் பேங் 1897-இல் இதை மாட்டில் கண்டுபிடித்தார். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1887-இல், மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் ஒரு கிருமியைப் பிரித்திருந்தார். அது ஆட்டுப் பாலிலிருந்து மனிதருக்கு வருவது பிறகு தெரியவந்தது. மால்டா காய்ச்சல் கிருமியும் மாட்டின் கன்று வீச்சுக் கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918-இல் காட்டியவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ்.

மாட்டில் நோயின் முகம் எல்லோருக்கும் தெரிந்ததே. சினை ஐந்தாறு மாதத்தைத் தாண்டிய பிறகு கன்று வீசிவிடும். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடும். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, அதோடு வரும் நீர் எல்லாவற்றிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அதை நக்கும் மாட்டுக்கும், வெறுங்கையால் எடுத்துப் போடும் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சாத பாலிலும் வரும். மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். பலருக்கு அது என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் காலம் போய்விடும்.

செத்த கிருமி ஏன் போதவில்லை?

கிருமியைக் கொன்று ஊசியாகப் போட்டால் ஆபத்தே இல்லையே என்று தோன்றுவது இயல்பு. பல நோய்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். கோமாரித் தடுப்பூசியில் இருப்பது செயலிழந்த வைரஸ்தான்.

புரூசெல்லாவின் தந்திரம் வேறு. உடலில் நுழையும் கிருமியை விழுங்கிச் செரிக்க மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் இருக்கின்றன. புரூசெல்லா அந்த மேக்ரோபேஜுக்குள்ளேயே குடியேறி, ஒரு பை போன்ற அறைக்குள் பத்திரமாகப் பெருகும். காவல்காரர் வீட்டிலேயே தங்கிக்கொள்வது போல. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்களால் செல்லுக்குள் இருப்பதைத் தொட முடியாது. தேவைப்படுவது டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள். அவை இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்து, மேக்ரோபேஜை உசுப்பி, உள்ளே இருப்பதைக் கொல்ல வைக்க வேண்டும்.

செத்த கிருமி எதிர்ப்பொருளை நன்றாகவே உண்டாக்கும். ஆனால் செல்லுக்குள் போய்க் குடியேறாததால், அங்கே இருப்பதை வேட்டையாடும் டி செல்களைச் சரியாகப் பழக்குவதில்லை. 45/20 என்ற கொல்லப்பட்ட தடுப்பூசியை ஒரு காலத்தில் சில நாடுகள் பயன்படுத்திவிட்டு ஒதுக்கிவிட்டன.

ஆகவே நமக்கு வேண்டியது செல்லுக்குள் போக வேண்டும், கொஞ்ச நாள் வாழ வேண்டும், அப்புறம் தானாகச் சாக வேண்டும். சீக்கிரம் செத்தால் பாதுகாப்பு வராது. சாகாமல் தங்கிவிட்டால் அதுவே நோய். உயிருள்ள பாக்டீரியா தடுப்பூசி என்ற துறை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் நடக்கிறது.

பலவீனமாக்கும் வழிகள்

நெல்லில் ரகங்கள் இருப்பது போல ஒரே பாக்டீரியா இனத்துக்குள்ளும் ரகங்கள் உண்டு. வீரியம் குறைந்த ஒரு ரகத்தைப் பெறும் வழிகளை வரலாற்று வரிசையில் இப்படிச் சொல்லலாம்.

1. கிடக்க விடுவது. 1879-80-இல் பாஸ்டர் கோழிக் காலரா கிருமியில் கண்டது இதுதான். பழசாகிப்போன வளர்ப்பைக் கோழிகளுக்குப் போட்டபோது அவை சாகவில்லை, பின்னால் வீரியமான கிருமியையும் தாங்கின.

2. திரும்பத் திரும்ப வளர்ப்பது. உடலுக்கு வெளியே, செயற்கை உணவில் நூற்றுக்கணக்கான முறை மாற்றி மாற்றி வளர்த்தால், உடலுக்குள் மட்டும் தேவைப்படும் திறன்களைக் கிருமி மெல்ல இழந்துவிடும். கால்மெட், கேரன் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில், 230 தடவை மாற்றி வளர்த்துப் பெற்றதுதான் மனிதருக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.

3. இழப்பைத் தேடிப் பொறுக்குவது. அடைப்பான் நோய்க் கிருமிக்கு ஓர் உறை உண்டு, அதுதான் அதன் கவசம். 1930-களில் தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்டபூர்ட் ஆய்வகத்தில் மேக்ஸ் ஸ்டெர்ன், உறை இல்லாத ரகத்தைத் தேடிப் பொறுக்கி எடுத்தார். கால்நடைக்கு இன்றும் உலகம் முழுக்கப் போடப்படும் அடைப்பான் தடுப்பூசி பெரும்பாலும் அந்த ரகம்தான். உறைக்கான மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையம் முழுவதையும் அது இழந்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

4. மரபணுவை அறுப்பது. 1981-இல் ஹோய்செத், ஸ்டாக்கர் இருவரும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவில் ஏரோ-ஏ என்ற மரபணுவைக் கெடுத்தார்கள். அது போனால் கிருமிக்குச் சில அத்தியாவசியப் பொருள்களைத் தானே தயாரிக்க முடியாது, விலங்கின் திசுவிலும் அவை கிடைக்காது. சுண்டெலிக்குள் அது பட்டினியால் தோற்றது. எலிக்கு எதிர்ப்பு மட்டும் மிஞ்சியது.

நான்காவது வழி மற்றவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. முதல் இரண்டில் கிருமி எதை இழந்தது என்று செய்தவருக்கே தெரியாது. விலங்கு சாகவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

எஸ்19: ஓராண்டு கிடந்த வளர்ப்பு

இந்தியாவில் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது எஸ்19 என்ற ரகம். இது முதல் வழியில் வந்தது. 1923-இல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து புரூசெல்லாவைப் பிரித்தார். அந்த வளர்ப்பு ஆய்வகத்தில் சாதாரண அறை வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்தது. அதன்பின் எடுத்துச் சோதித்தபோது, கினிப் பன்றிகளில் அதன் வீரியம் குறைந்திருந்தது. கன்றுகளில் போட்டுப் பார்த்தார், பாதுகாப்புக் கிடைத்தது. 1930-இல் வெளியிட்டார். 1940-களிலிருந்து அமெரிக்கா முழுக்க அதுவே தடுப்பூசி ஆனது.

ஏன் பலவீனமானது என்று அப்போது யாருக்கும் தெரியாது. எழுபது ஆண்டு கழித்து, 1994-இல், ஸ்பெயின் ஆய்வாளர்கள் அதன் மரபணுத் தொகுதியில் 702 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். எரித்ரிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் கிருமி உண்பதற்கான மரபணுக்கள் இருக்கும் பகுதி அது.

இதைக் கேட்டதும் எல்லாம் பொருந்திவிட்டது போலத் தோன்றும். ஏனென்றால் எரித்ரிட்டால் மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் நஞ்சுக்கொடியில் நிறைய இருக்கிறது. புரூசெல்லாவுக்கு அது விருந்து. சினை மாட்டின் நஞ்சுக்கொடியில் கிருமி ஏன் அப்படிக் கொழுக்கிறது என்பதற்கு 1960-களிலிருந்தே சொல்லப்பட்ட விளக்கம் இதுதான். எஸ்19-ஆல் அதை உண்ண முடியாது. உண்ண முடியாதது மட்டுமல்ல, எரித்ரிட்டால் இருந்தால் அதன் வளர்ச்சியே தடைபடும். அப்படியானால் விடை கிடைத்துவிட்டதா? அதை எப்படிச் சோதிப்பார்கள் என்று முதலில் பார்ப்போம்.

ஒரு சுண்டெலியின் மண்ணீரல்

புரூசெல்லா ஆய்வில் அதிகம் பயன்படுவது பால்ப்/சி என்ற வெள்ளைச் சுண்டெலி. நடைமுறை பெரும்பாலும் இப்படி இருக்கும்.

எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒன்றுக்குத் தடுப்பூசி ரகம், மற்றொன்றுக்கு வெறும் உப்புநீர். சில வாரம் கழித்து இரண்டுக்கும் 2308 என்ற வீரியமான ரகத்தைச் செலுத்துகிறார்கள். மறுபடி இரண்டு வாரம் போல விடுகிறார்கள். பிறகு எலியின் மண்ணீரலை எடுத்து எடை போடுகிறார்கள். தொற்று முற்றிய மண்ணீரல் வீங்கி, வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். அதை உப்புநீரில் அரைத்து, ஒரு பங்கை ஒன்பது பங்கு நீரில் கலந்து, அதில் ஒரு பங்கை மறுபடி ஒன்பது பங்கில் கலந்து, இப்படிப் படிப்படியாகப் பத்து மடங்காக நீர்க்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளியை உணவுத் தட்டில் தடவி, 37 டிகிரியில் வைக்கிறார்கள். மூன்று நான்கு நாளில் தேன் நிறத்தில் சிறு முத்துகள் எழும். ஒவ்வொரு முத்தும் ஓர் உயிருள்ள பாக்டீரியாவிலிருந்து பெருகிய காலனி. அதை எண்ணி, நீர்க்க வைத்த மடங்கால் பெருக்கினால் மண்ணீரலில் எத்தனை கிருமி இருந்தது என்ற கணக்கு வரும்.

தடுப்பூசி போட்ட எலியின் மண்ணீரலில் ஆயிரம், போடாததில் ஒரு லட்சம் என்றால் நூறு மடங்கு குறைவு. ஆய்வுக் கட்டுரையில் "இரண்டு லாக் பாதுகாப்பு" என்று படித்தால் பொருள் இதுதான். கிருமி முற்றிலும் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. செய்திகளில் இது "100 சதவீதம் பாதுகாப்பு" என்று மாறிப்போவதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தட்டில் எழும் காலனி சோதனைக்குச் செலுத்திய 2308-ஆ, அல்லது தடுப்பூசி ரகம் இன்னும் மிச்சமிருந்து வளர்கிறதா? அதற்காக ஒரே மண்ணீரலை இருவகைத் தட்டுகளில் தடவுகிறார்கள். எரித்ரிட்டால் கலந்த தட்டில் 2308 வளரும், எஸ்19 வளராது. இப்படி எளிய வேறுபாடு ஒன்று இல்லாத தடுப்பூசி ரகத்தை ஆய்வதே கடினம்.

தடுப்பூசி ரகத்தை மட்டும் செலுத்தி, வாரா வாரம் எண்ணினால் இன்னொரு கணக்குக் கிடைக்கும். அது எத்தனை நாள் தங்குகிறது? 2308 எலியில் மாதக்கணக்கில் விலகாது. எஸ்19 சில மாதத்தில் ஒழிந்துவிடும். கீழே வரப்போகும் ஆர்.பி.51 ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே போய்விடும். என் கணிப்பில், தடுப்பூசி ரகம் பற்றிய எந்தக் கட்டுரையிலும் முதலில் தேட வேண்டிய எண் இதுதான்.

எலியால் சொல்ல முடியாதது

எரித்ரிட்டால் விஷயத்துக்கு வருவோம். அந்த ஸ்பெயின் குழுவே 1998-இல் எஸ்19-இன் குறையைச் சரிசெய்து பார்த்தது. எரித்ரிட்டாலை உண்ணும் திறனைத் திருப்பிக் கொடுத்தால் பழைய வீரியம் வந்துவிடுமா? எலியில் வரவில்லை. எஸ்19-இன் பலவீனத்துக்கும் எரித்ரிட்டால் குறைக்கும், எலியைப் பொறுத்தவரை, தொடர்பில்லை என்று முடிவு வந்தது.

இந்த முடிவை எப்படிப் படிப்பது? "எரித்ரிட்டால் முக்கியமில்லை" என்று படித்தால் தவறு. எரித்ரிட்டால் குவிவது மாடு, ஆடு, பன்றி நஞ்சுக்கொடிகளில். மனிதர், எலி, முயல், கினிப் பன்றி ஆகியவற்றில் அப்படிக் குவிவதில்லை. எலியின் மண்ணீரலை வைத்து மாட்டின் நஞ்சுக்கொடியில் என்ன நடக்கும் என்று கேட்டால், எலிக்கு அந்தக் கேள்வியே புரியாது. எலி சொன்னது ஒன்றைத்தான்: எஸ்19-இல் 702 எழுத்துகளுக்கு அப்பால் வேறு குறைகளும் இருக்கின்றன. அது மிகவும் பயனுள்ள தகவல்.

ஆகவே ஒவ்வொரு விலங்கிடமும் அதற்குத் தெரிந்ததை மட்டும் கேட்க வேண்டும்.

1. சுண்டெலியிடம்: கிருமி எத்தனை நாள் தங்குகிறது, எந்த டி செல்கள் எழுகின்றன, பத்து ரகங்களில் எவை மேற்கொண்டு பார்க்கத் தகுந்தவை.

2. கினிப் பன்றியிடம்: மிகக் குறைந்த கிருமிக்கே நோய்வாய்ப்படும் விலங்கு அது. ஆகவே வீரியம் மிச்சமிருக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

3. சினைக் கிடேரியிடம்: கன்று வீசாமல் காக்கிறதா என்ற கடைசிக் கேள்வி. வேறு எந்த விலங்கும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் மிகவும் செலவான சோதனை. தடுப்பூசி போட்ட கன்றை வளர்த்து, சினைப்பிடிக்க வைத்து, சினையின் நடுப்பகுதியில் கண்ணில் சொட்டாக ஏறக்குறைய 1 கோடி வீரியமான கிருமியை விடுகிறார்கள். கண் வழியே விடுவது இயற்கையில் தொற்று நுழையும் விதத்தை ஒத்தது. பிறகு கன்று ஈனும்வரை, அல்லது வீசும்வரை, காற்றுகூட வடிகட்டி வெளியேறும் அடைப்புக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். பால், நஞ்சுக்கொடி, கன்றின் நுரையீரல், தாயின் நிணநீர்க் கட்டிகள் எல்லாவற்றிலும் கிருமி தேடுகிறார்கள். ஒரு சோதனைக்கு இரண்டு ஆண்டு ஆகிவிடும். அதனால் இவற்றில் மாடுகளின் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். சிறிய எண்ணிக்கையில் வந்த சதவீதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பல சோதனைகள் ஒரே திசையில் போகின்றனவா என்று பார்ப்பதே சரி.

எஸ்19 விஷயத்தில் அவை ஒரே திசையில்தான் போயின. தடுப்பூசி போட்ட மாடுகளில் ஏறக்குறைய 65 முதல் 75 சதவீதம் முழுப் பாதுகாப்புப் பெறுகின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

ஆர்.பி.51: ஒரு சங்கிலி அறுந்த கதை

எஸ்19-க்கு ஒரு பெரிய தொந்தரவு உண்டு. புரூசெல்லாவின் மேற்பரப்பில் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கும். ஓ சங்கிலி என்பார்கள். மாட்டுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரோஸ் பெங்கால் போன்ற இரத்தப் பரிசோதனைகள் இந்தச் சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான் தேடுகின்றன. எஸ்19-இலும் அதே சங்கிலி இருக்கிறது. தடுப்பூசி போட்ட மாடும் நோயுற்ற மாடும் பரிசோதனையில் ஒன்று போலத் தெரியும்.

இதைத் தீர்க்க கெர்ஹார்ட் ஷூரிக் குழு 1991-இல் ஆர்.பி.51-ஐ வெளியிட்டது. வீரியமான 2308-ஐ ரிஃபாம்பிசின் என்ற மருந்து கலந்த தட்டுகளில் திரும்பத் திரும்ப வளர்த்து, ஓ சங்கிலி இல்லாத ரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். சங்கிலி உள்ளவை வழவழப்பான காலனியாக எழும், இல்லாதவை சொரசொரப்பாக. கிரிஸ்டல் வயலெட் சாயத்தை ஊற்றினால் சொரசொரப்புக் காலனி ஊதாவைப் பிடித்துக்கொள்ளும், வழவழப்பானது பிடிக்காது. கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஆர்.பி.51 போட்ட மாடு இரத்தப் பரிசோதனையில் "நோய்" என்று தவறாகக் காட்டாது. அமெரிக்கா 1996-இல் எஸ்19-ஐ விட்டு இதற்கு மாறியது.

ஆனால் அதே குணங்கள் மனிதரிடம் எதிராகத் திரும்பின. மனித புரூசெல்லோசிசுக்கு வழக்கமான சிகிச்சை டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம். ஆர்.பி.51-க்கு ரிஃபாம்பிசின் வேலை செய்யாது, அதை உருவாக்கியதே அந்த மருந்தில்தான். இன்னொன்று, ஓ சங்கிலி இல்லாததால் மனிதரின் வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும் இந்தத் தொற்று தெரியாது. 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் காய்ச்சாத பால் குடித்த ஒருவருக்கு ஆர்.பி.51 தொற்றியது. மாட்டுக்கு நன்மையாகத் தேர்ந்தெடுத்த இரண்டு குணங்களும் ஒரே நோயாளியிடம் இரண்டு இடையூறுகளாக வந்து நின்றன. மருந்து எதிர்ப்பை அடையாளமாக வைத்துத் தடுப்பூசி ரகம் உருவாக்குவதை இன்றைய ஒழுங்குமுறைகள் விரும்புவதில்லை, அது நியாயமானதே.

பலவீனம் மிஞ்சினாலும் தோல்விதான்: செங்கல்பட்டுப் பாடம்

கிருமி போதுமான நாள் வாழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. பற்றிய மிகப் பெரிய மனிதச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். பிரான்ஸ், டென்மார்க் என இரண்டு பி.சி.ஜி. ரகங்கள் பயன்பட்டன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. அங்கே பயன் தரவில்லை. பிரிட்டனில் நன்றாக வேலை செய்த அதே வகைத் தடுப்பூசிதான்.

காரணம் தேடியபோது விலங்குச் சோதனைகளின் பக்கம் பார்வை திரும்பியது. 1966-இலேயே பால்மர், லாங் இருவரும் கினிப் பன்றிகளில் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும், தீங்கற்ற மைக்கோபாக்டீரியாக்களை (காசநோய்க் கிருமியின் உறவினங்கள்) முதலில் செலுத்தினால் கினிப் பன்றிக்கு ஓரளவு காசநோய் எதிர்ப்பு வந்துவிடுகிறது. அதன் மேல் பி.சி.ஜி. போட்டால் கூடுதல் பலன் சொற்பம். நம்மூர் போன்ற வெப்பமான இடங்களில் அந்தக் கிருமிகள் நிறைய, சிறு வயதிலிருந்தே உடலுக்குப் பழக்கமாகிவிடும்.

டென்மார்க் ஆய்வாளர்கள் 2002-இல் சுண்டெலிகளில் இதை இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள். சுற்றுப்புற மைக்கோபாக்டீரியாவுக்குப் பழகிய எலியில் பி.சி.ஜி. பெருகவே முடியவில்லை. உடல் அதைச் சீக்கிரமே ஒழித்துவிட்டது. பெருகாத பி.சி.ஜி. பாதுகாப்புத் தரவில்லை. அதே எலிகளில், பெருகத் தேவையில்லாத புரதத் தடுப்பூசி வேலை செய்தது. செங்கல்பட்டு முடிவுக்கு இது ஒன்றே முழு விளக்கம் என்று சொல்ல முடியாது. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகள் பிரிட்டன் கிருமிகளைவிடக் கினிப் பன்றியில் வீரியம் குறைந்தவை என்று 1960 வாக்கில் மிட்சிசன் கண்டதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ஆனால் சுத்தமான கூண்டில் வளர்ந்த ஆய்வக எலியிடம் மட்டும் கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் வெளிப்பட்டிருக்கவே இருக்காது.

மறுபடி வீரியம் பெற்றுவிடாதா?

இது நியாயமான பயம். ஓர் எழுத்து மட்டும் மாறியதால் பலவீனமான கிருமி, அந்த எழுத்தை மறுபடி மாற்றிக்கொள்ளலாம். பெரிய துண்டே காணாமல் போயிருந்தால் அது தானாக முளைத்து வராது. பி.சி.ஜி. இழந்தவற்றில் முக்கியமான ஆர்.டி.1 என்ற பகுதி அப்படிப்பட்டது. அது போனதே பலவீனத்துக்கு முதன்மைக் காரணம் என்பது எழுபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது.

இதைச் சோதிக்க ஒரு விலங்குக்குத் தடுப்பூசி ரகத்தைக் கொடுத்து, அதன் உடலிலிருந்து மீட்டெடுத்து, அடுத்த விலங்குக்குக் கொடுத்து, வழக்கமாக ஐந்து சுற்று நடத்துகிறார்கள். கடைசிச் சுற்றில் மீண்ட கிருமி முதலாவதைவிடக் கடுமையாக இருந்தால் அந்த ரகம் தள்ளுபடி.

1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பி.சி.ஜி. கொடுக்கப்பட்ட 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பி.சி.ஜி. வீரியம் திரும்பிவிட்டது என்று உலகமே நினைத்தது. விசாரணையில், அதே ஆய்வகத்தில் இருந்த வீரியமான காசநோய்க் கிருமி தடுப்பூசியில் கலந்துவிட்டது தெரிந்தது. கிருமி மாறவில்லை, மனிதர் குடுவையைப் பிரித்து வைக்கவில்லை. உயிருள்ள தடுப்பூசி தயாரிக்கும் இடத்தில் வீரியமான கிருமியை வைக்கவே கூடாது என்ற கண்டிப்பு இருப்பதற்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

முகாம் கேள்விகளுக்குப் பதில்

இந்தியாவில் பல மாநிலங்களில் நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கொல்லும் வழி நடைமுறையில் இல்லை. ஆகவே 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், கிடேரிக் கன்றுகள் எல்லாவற்றுக்கும் வாழ்நாளில் ஒரு முறை எஸ்19 என்று வைத்தார்கள். இப்போது ஆரம்பக் கேள்விகளை எடுத்துக்கொள்வோம்.

1. 4 முதல் 8 மாதம் ஏன்? இந்த வயதில் போட்டால், ஓ சங்கிலிக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரும்பாலான கன்றுகளில் சினைப்பருவத்துக்குள் வடிந்துவிடும். பின்னால் பரிசோதித்தால் குழப்பம் வராது. வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் எதிர்ப்பொருள் நீண்ட நாள் தங்கும்.

2. சினை மாட்டுக்கு ஏன் கூடாது? எஸ்19-இல் மிச்ச வீரியம் இருக்கிறது. ஒரு சிறு பங்கு மாடுகளில் அதுவே கன்று வீச வைக்கும்.

3. காளைக் கன்றுக்கு ஏன் இல்லை? விதைப்பையில் தங்கி வீக்கத்தை உண்டாக்கக்கூடும். தவிர, நோயைப் பெருக்கிப் பரப்புவது முக்கியமாகக் கன்று வீசும் பசுக்கள்தான்.

4. கையுறையும் கண்ணாடியும் ஏன்? மாட்டுக்குப் பலவீனமானது மனிதருக்கும் பலவீனமாக இருக்க வேண்டியதில்லை. ஊசி கையில் குத்தினாலோ, கண்ணில் தெறித்தாலோ எஸ்19 மனிதருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும். அப்படி நேர்ந்தால் மருத்துவரிடம் உடனே போய், எந்தத் தடுப்பூசி என்று பெயரைச் சொல்ல வேண்டும்.

5. ஊசி போட்ட சமயத்தில் கன்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா? தடுப்பூசியே பாக்டீரியா. மருந்து அதையும் கொன்றுவிடும். ஐஸ் பெட்டியில் இல்லாமல் வெயிலில் காய்ந்த குப்பிக்கும் இதே கதிதான்.

அடுத்த ரகம்

எஸ்19-இன் பாதுகாப்பும், ஆர்.பி.51-இன் பரிசோதனை வசதியும், மருந்து எதிர்ப்பு இல்லாமல் ஒரே ரகத்தில் வேண்டும் என்பதுதான் இப்போதைய தேடல். உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் எஸ்19-இலிருந்தே ஒன்றை உருவாக்கியது. ஓ சங்கிலியைக் கட்டத் தேவையான பெர் என்ற மரபணுவை மட்டும் நீக்கினார்கள். 2015-இல் வெளியான ஆய்வின்படி சினைக் கினிப் பன்றிக்கு அது பாதகமில்லை, சுண்டெலியைக் காத்தது, தடுப்பூசி போட்டதையும் நோய் வந்ததையும் பிரித்தறிய முடிந்தது.

நல்ல பதில்கள். ஆனால் எரித்ரிட்டால் குவியாத நஞ்சுக்கொடி கொண்ட கினிப் பன்றி சொன்ன பதில்கள். அந்த ரகத்தைப் பற்றி இனி வரும் எந்தச் செய்தியிலும் தேட வேண்டியது, எத்தனை சினைக் கிடேரிகளிடம் கேட்டார்கள், அவற்றில் எத்தனை உயிருள்ள கன்றை ஈன்றன என்ற இரண்டு எண்களைத்தான்.